முடிவு சொல்லும் கை

அந்தப் பேருந்துப் பணிமனைச் சங்கத்தில் கை தூக்கித்தான் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். சமமாக வந்தால் பழைய தலைவரின் கையே முடிவு சொல்லும். இந்த முறை சமமாகவே வந்தது. பழைய தலைவர் ஓட்டுநர். எதிர்த்து நின்றவன் அவர் மனைவியின் தம்பி.

“நாற்காலியோட ஒட்டிக்கிட்டீங்களா மாமா?” என்று சற்றுமுன் கிண்டலடித்தவன், அவருடைய வீங்கிய காலைக் கண்டதும் எழுந்தான். தான் உட்கார்ந்திருந்த முக்காலியை அந்தக் காலுக்கு அணைவாக நகர்த்திவிட்டு நின்றுகொண்டான்.

இரட்டை ஷிப்ட் ஓட்டிய களைப்பைவிட, ஓராண்டாக இவனோடு மல்லுக்கட்டிய களைப்புதான் அவரை அதிகம் அழுத்தியது. கடவுளை நினைத்துக் கையைத் தூக்கினார்.

“உங்களுக்குத்தானே தலைவரே?” என்று கேட்டார் உறுப்பினர் ஒருவர்.

“இல்லப்பா, மாப்பிள்ளைக்கு. சண்டைக்கு நடுவுலயும் என் கால் வலி அவன் கண்ணுல பட்டுச்சே. உங்க வலியும் படும்.”