வந்தும் வராத மாஹிரா

முப்பத்தொன்பது மணி நேரம் மாஹிரா வகுப்புக்கு வரவில்லை என்று கல்லூரி மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. உயிர்வேதியியல் தேர்வு எழுத முடியாதாம். ஆட்சேபம் இருந்தால் வியாழக்கிழமைக்குள் பேராசிரியரைப் பார்க்க வேண்டுமாம். வாப்பாவுக்கும் ஒரு பிரதி போயிருந்தது.

வாப்பா ஃபாரூக்குக்குத் துபாயின் தேரா கடைத்தெருவில் மசாலாக் கடை. தினமும் காலையில் மகளைக் காரில் கொண்டுவந்து இறக்கி, கண்ணாடிக் கதவு அவளை விழுங்கும்வரை பார்த்துவிட்டுத்தான் கடை திறக்கப் போவார்.

"அப்ப தினமும் நான் யாரம்மா இறக்கிவிட்டேன்?"

"என்னைத்தான் வாப்பா."

"உள்ள போனது யாரு?"

"நான்தான்."

"அப்ப வராதது?"

மாஹிரா யோசித்துப் பார்த்தாள். "அதுவும் நான்தான்."

வாப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் கோபத்தின் முதல் கட்டம்.

கல்லூரி துபாயில்தான் இருந்தது. உள்ளே போனால் லண்டன். வகுப்பில் ஐம்பது பேர் வெள்ளைக்காரப் பிள்ளைகள். கறுப்புப் பெண்கள் மூன்று பேர்: கென்யாவின் அமோண்டி, நைஜீரியாவின் எபெலே, சூடானின் இக்லாஸ். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எங்கே எதிர்ப்பட்டாலும் முகவாயை லேசாக மேலே தூக்குவார்கள். 'இருக்கியா, நானும் இருக்கேன்' என்று பொருள். முதல் நாள் தாழ்வாரத்தில் அமோண்டி மாஹிராவைப் பார்த்து முகவாயைத் தூக்கினாள். மாஹிராவின் சொந்த ஊரான கீழக்கரையில் அதற்கு 'என்ன?' என்று அர்த்தம். அவள் பயந்துபோய், ஒன்றுமில்லை என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். அமோண்டி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நடுவில் உட்காரவைத்தாள். அன்றிலிருந்து நான்கு பேர்.

உயிர்வேதியியல் பேராசிரியர் டாக்டர் பெனலபியும் மாஹிராவை அந்த மூவரோடுதான் சேர்த்துக்கொண்டார். ஐம்பது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பெயரும் அவருக்கு அத்துப்படி. அவர்கள் வீட்டு நாய்களின் பெயர்கூடத் தெரியும். இந்த நால்வரிடம் வந்தால் மட்டும் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லுவார். எபெலே மற்றவர்களைவிட அரையடி உயரம், தலை முழுக்கச் சடை. இக்லாஸும் மாஹிராவும் முக்காடு. அமோண்டிக்கு மொட்டைக்குக் கொஞ்சம் மேலே முடி. ஆனாலும் பெயர் மாறிவிடும்.

முதல் வாரத்தில் எபெலே மூன்று முறை திருத்தினாள். ஒவ்வொரு முறையும் பெனலபி அவ்வளவு வருந்தினார், கண்கூடக் கலங்கினார். "அவங்களைத் தேத்துறதுக்கே பாதி வகுப்பு போயிடுது. இனிமே எந்தப் பேரைச் சொன்னாலும் யெஸ்ஸுன்னுடுங்க" என்று இக்லாஸ் சட்டம் போட்டாள். அதன்படியே நடந்தது. பாவம், வயசாயிடுச்சு, கண்ணாடி மாத்தணும் என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். உண்மையான காரணம் நால்வருக்கும் தெரியும். ஒருத்தியும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

மின்னஞ்சல் வந்த மறுநாள் கேன்டீனில் நான்கு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அமோண்டியின் வருகைப் பதிவு நூற்றுக்கு நூறு.

"நூறா?" என்றாள் அமோண்டி. "ஷார்ஜா பஸ்ல வர்றவ நான். வாரத்துல ரெண்டு நாள் பெனலபியோட முதல் வகுப்பு முடிஞ்சப்புறம்தானே வருவேன்!"

மாஹிராவுக்குக் கணக்கு பிடிபட இரண்டு நிமிடம் ஆனது. "இங்கிலீஷ் அகர வரிசை," என்றாள். "நம்ம பக்கம் மூணு தலை தெரிஞ்சா, நம்ம நாலு பேர்ல மேலேயிருந்து மூணு டிக். அமோண்டி, எபெலே, இக்லாஸ். நான் கடைசி. நாலு பேரும் வந்தாத்தான் நான் வந்த மாதிரி."

எபெலே சிரிக்கத் தொடங்கி, மாஹிராவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"வாப்பாவுக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார். காய்ச்சல்னு சீட்டு வாங்கித் தர்றேன்னு வாப்பா சொல்றாங்க," என்றாள் மாஹிரா மெதுவாக. "அதைக் கொடுத்துட்டா முடிஞ்சுது. இல்லைன்னா அமோண்டியோட ஸ்காலர்ஷிப்..."

"என் ஸ்காலர்ஷிப்புக்கு என்ன?"

"நிஜமா எண்ணினா உனக்குக் குறையும்."

"குறையட்டும். எழுபத்தஞ்சுக்குக் கீழே போகாது, நான் எண்ணிட்டேன். போனாலும் பரவாயில்ல." அமோண்டி மேசையில் தட்டினாள். "தினமும் வந்தவ, வரலைன்னு நீயே எழுதிக் கொடுக்கப்போறியா? காய்ச்சலாம் காய்ச்சல்! எழுந்திரு. யல்லா, போகலாம்!"

"நான் பேசமாட்டேன்," என்றாள் மாஹிரா. "எனக்குப் பேச வராது."

"நாங்க பேசுறோம். நீ சும்மா நில்லு."

பெனலபி அறையில் பிஸ்கட் தட்டு இருந்தது. நால்வரையும் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நேரே எபெலேயின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாஹிரா கண்ணு, நீ வந்ததே பெரிய விஷயம். வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"நான் எபெலே, மேடம்."

"அடடா, ஆமா! எபெலே. நீ ஒருநாள்கூடத் தவறினதில்ல." அவர் இக்லாஸ் பக்கம் திரும்பினார். "சரி மாஹிரா, சொல்லு. என்கிட்ட என்ன பயம்?"

"இக்லாஸ்," என்றாள் இக்லாஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

பெனலபிக்குக் கண் கலங்க ஆரம்பித்தது. பேசுகிறோம் என்று வந்தவர்கள் மூவரும், பழக்கதோஷத்தில், அவரைத் தேற்றப் போனார்கள். இக்லாஸ் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள். பரவாயில்ல மேடம், பெரிய வகுப்பு, யாருக்கும் வர்றதுதான் என்றாள் எபெலே. அமோண்டி தண்ணீர் ஊற்றினாள். இன்னும் இரண்டு நிமிடம் போனால் நால்வரும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிஸ்கட்டோடு வெளியே வந்துவிடுவார்கள் என்பது மாஹிராவுக்கு நன்றாகத் தெரிந்தது.

பெனலபி மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். "தோழிக்காக நீயும் கூட வந்தியே அமோண்டி, உனக்கு ரொம்ப நல்ல மனசு."

மாஹிரா ஓரடி முன்னே வந்தாள். வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள்.

"நான்தான் மாஹிரா. தினமும் வந்தேன், உங்களுக்கு நேரே மூணாவது வரிசையில. உங்களுக்கு எங்க முகம் தெரியாது மேடம். நாங்க கறுப்பா இருக்கிறதால நீங்க எங்களைத் தனித்தனியா பார்த்ததே இல்ல."