இடது காதுக்கு ஃபோம், வலது காதுக்கு ரப்பர்

கல்யாணமாகி ஏழாவது வருஷம் தணிகைவேலுக்கு மனைவியின் குரல் வயருக்கு மாறியது. எல்லோருக்கும் மாறுவதுதான். சிலருக்கு நான்காவது வருஷத்திலேயே மாறிவிடுகிறது. அவர்களைப் பார்க்கும்போது இவன் கொடுத்துவைத்தவன். காலையில் சுகந்தி சமையலறையிலிருந்து வாயசைத்தாள், சத்தம் வரவில்லை. அவள் வலது முழங்கையைத் திருப்பிப் பார்த்தான். இயர்போன் பின் செருகுவதற்கு வட்டமாக ஒரு துளை வந்திருந்தது. சுத்தமான வேலை.

மற்றவர்களுக்கு அவள் குரல் சும்மாவே கேட்கும். பால்காரருக்குக் கேட்கும். மாடி வீட்டு நாய்க்குக்கூடக் கேட்கும். புருஷனுக்கு மட்டும் வயர் வேண்டும்.

ஒரு இயர்போன் வாங்கிக்கொண்டால் போயிற்று என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். குரல் மாறிய அன்றைக்கே, கடை சாத்தும் நேரத்தில் காதில் எது இருக்கிறதோ அதிலேயே குரல் படிந்துவிடும். அப்புறம் ஆயுசுக்கும் அதே சத்தம்தான். தணிகைவேலின் ஆபீசில் ஒருவர் அவசரத்துக்கு பஸ் ஸ்டாண்டில் விற்றதை மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் மனைவி தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பேசுகிறாள். எது சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டுகிறார், பாவம்.

தணிகைவேலுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது. அவனுக்கு சுகந்தியின் குரல் பிடிக்கும். ஒப்புக்குச் சொல்வதில்லை, உண்மையாகவே பிடிக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில் அவள் உள்ளறையில் யாரையோ அதட்டியதைக் கேட்டுத்தான் அவன் சம்மதமே சொன்னான். முகத்தை அதற்கப்புறம்தான் பார்த்தான்.

ஆகவே லீவு போட்டுவிட்டு அவளைச் சலாவுதீன் பாய் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். இந்த ஊரில் காது விஷயத்தில் பாயை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடையில் ஸ்டூல்கள் போட்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதை வாங்குவது என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எப்போது வந்தார்கள் என்பது அவர்களுக்கே நினைவில்லை. ஒருவர் ஒப்பிட்டு ஒப்பிட்டு ஸ்பீக்கராகவே ஆகிவிட்டார். அவர் மனைவி அவர் தலையில் ஒரு பூந்தொட்டியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள்.

பாய் இருப்பதிலேயே உசத்தியான இயர்போனை எடுத்து வெல்வெட் துணியில் வைத்தார். விலையைத் தணிகைவேல் கேட்கவில்லை. கேட்டால் வாங்க மனசு வராது. பக்கத்தில், காதுக்குள் போகும் முனையில் மாட்ட இரண்டு ஜோடி உறைகளை வைத்தார். ஒன்று சிலிகான் ரப்பர், இன்னொன்று ஃபோம். குரலில் பாதி இயர்போன், மீதி உறை என்றார். பிறகு சுகந்தியைப் பார்த்து, சோதனைக்கு ஒரு வாக்கியம் வேண்டும் என்றார்.

"எப்பவும் சொல்றதையே சொல்லுங்கம்மா. புதுசா எதுனா சொன்னா சாரோட கவனம் அர்த்தத்துக்குப் போயிடும். சத்தத்துல நிக்காது."

சுகந்தி யோசிக்கவே இல்லை. "கேஸ் தீர்ந்துபோச்சு, புக் பண்ணுங்க" என்றாள்.

பாய் வயரை அவள் முழங்கையில் செருகினார். முதலில் ரப்பர். தணிகைவேல் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு எழுத்தும் நறுக்கென்று வந்து விழுந்தது. அவன் புக் பண்ண மறந்துவிடுவான் என்று அவள் நினைப்பதும் தெளிவாகக் கேட்டது. போன தடவை மறந்ததும் பின்னணியில் லேசாகக் கேட்டது.

அடுத்து ஃபோம். விரலால் உருட்டி நசுக்கி, காதில் செருகி, அது உள்ளே உப்பும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும். உப்பியது. முதலில் சன்னமாக வந்தது. கையைத் தூக்கி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சைகை காட்டினான். அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு குரல்! வெயிலில் காய்ந்த மெத்தைமாதிரி இருந்தது. கேஸ் தீர்ந்ததில் யாருடைய தப்பும் இல்லை போலிருந்தது.

மறுபடி ரப்பர். மறுபடி ஃபோம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கடை ஒரு அலமாரி அளவு நீண்டது. வாசலில் இருந்த சர்பத் வண்டிக்காரர் தூரத்தில் சுண்டுவிரல் அளவாகிவிட்டார். தணிகைவேல் இதற்கெல்லாம் அசரவில்லை. நல்ல பொருள் வாங்கப் போனால் கடை கொஞ்சம் நீளத்தான் செய்யும். ஃபோம்தான் என்று முடிவாகச் சொன்னான்.

சுகந்தி முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்தாள்.

"அம்மா கத்துனாங்க சார்" என்றார் பாய்.

ஃபோம் சத்தத்தை விழுங்கும், நீங்கள் கையைத் தூக்கினீர்கள், அவர்கள் தொண்டை வறளக் கத்தினார்கள் என்று விளக்கினார். சத்தம் கூடினால் காதுக்கு எல்லாமே இனிப்பாகத் தெரியுமாம். இந்தத் தப்பைச் செய்யாத ஆள் இந்தக் கடைக்கு வந்ததே இல்லையாம். ஸ்டூலில் இருந்தவர்கள் ஆமோதித்தார்கள். ஸ்பீக்கரானவர் லேசாக இரைந்தார்.

தணிகைவேலுக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனால் வெட்கத்தில்தான் அவனுக்கு மூளை வேலை செய்யும். இடது காதில் ஃபோமும் வலது காதில் ரப்பரும் மாட்டிக்கொண்டான். ஒரே நேரம், ஒரே குரல், ஒரே சத்தம். இனி ஏமாற வழியில்லை. ஸ்டூல்காரர்கள் பார்வையாலேயே பாராட்டினார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, ஆரம்பி என்று தலையசைத்தான்.

சுகந்தி கேஸ் தீர்ந்துபோனதைச் சொன்னாள். திரும்பவும் சொன்னாள். பிறகு நிறுத்தினாள். பிறகு வேறு ஏதோ பேசினாள். கொஞ்ச நேரம் பேசினாள்.

அற்புதமாக இருந்தது. இடது பக்கம் அடிக்குரல், அதாவது பேஸ், நிறைந்து நின்றது. வலது பக்கம் ஓரங்கள் சுத்தமாக இருந்தன. ஓரிடத்தில் அவள் குரல் உடைந்தது. அந்த உடைசலை ரப்பர் அப்படியே பிடித்துக் கொடுத்தது, ஃபோம் தடவிச் சமன் செய்துவிட்டது. இவ்வளவு நுணுக்கமாக அவன் எதையும் கேட்டதில்லை. அவள் முடித்ததும் கண்ணைத் திறந்தான்.

"இடது பக்கம் பேஸ் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றான்.

ஸ்பீக்கரானவரின் இரைச்சல் நின்றிருந்தது. ஸ்டூல்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாய் வெல்வெட் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சுகந்தி தணிகைவேலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னே?" என்றான்.

"கேஸ் தீர்ந்துபோச்சு."

"அதுக்கப்புறம்."

"புக் பண்ணுங்க."

ஏழு வருஷத்தில் அவள் அப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. கேட்டவன் எதைக் கேட்டான் என்றால், பேஸைக் கேட்டிருக்கிறான். என்ன சொன்னாள் என்று ஸ்டூல்காரரிடம் கெஞ்சினான். ரொம்ப நல்லாச் சொன்னாங்க தம்பி என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார். பாயின் கையைப் பிடித்தான்.

"நீங்க கேட்டீங்கதானே பாய்?"

"கேட்டேன் சார். ஆனா நான் சொன்னா அது என் குரல்லதானே வரும்."

கடை சாத்தும் நேரமாகி ஷட்டர் தானாக இறங்கத் தொடங்கியது. தணிகைவேல் காதில் கை வைப்பதற்குள் இரண்டு பக்கமும் க்ளிக் என்று ஒரு சின்ன சத்தம். படிந்துவிட்டது.

நீண்டுவிட்ட கடையை நடந்து கடந்து, ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர் சுகந்திக்கு மட்டும் இரண்டு டிக்கெட் கொடுத்தார். ஏன் என்பது உட்கார்ந்ததும் புரிந்தது. ஜன்னல் பக்கம் உட்காரலாம் என்றது இடது காது. முடி பறக்கும், வேண்டாம் என்றது வலது காது. இரண்டும் சுகந்திதான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு வெளியே பார்த்தாள்.

பஸ் மேம்பாலம் ஏறும்போது இரண்டு பேரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

"அவர்கிட்ட சொல்லிட்டியா?" என்றது இடது.

"சொன்னேன்" என்றது வலது.

"என்ன சொன்னாரு?"

"பேஸ் தூக்கலா இருக்காம்."

இடது பக்கம் சிரிக்க ஆரம்பித்தது, பாதியில் விட்டுவிட்டது. பிறகு இருவரும் தணிந்த குரலில் அவனுக்குப் பிடிபடாமல் பேசினார்கள். தணிகைவேலுக்கு அழுகை வந்தது. நடுவில் உட்கார்ந்திருப்பவன் அவன்தான், அவனிடம்தான் யாரும் பேசவில்லை.

"சுகந்தி" என்றான். "என்னன்னு இன்னொரு தடவை சொல்லேன். சத்தியமா வேற எதையும் கவனிக்க மாட்டேன்."

அவன் உரக்கச் சொல்லிவிட்டதால் பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பினார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

"ஒண்ணுமில்லைங்க."

ஃபோமுக்கும் ரப்பருக்கும் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. கனமும் இல்லை, கூர்மையும் இல்லை. அந்தச் சொல் இடமும் சாயாமல் வலமும் சாயாமல் அவன் மண்டையின் நட்ட நடுவில் வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

நிறுத்தம் வந்ததும் சுகந்தி எழுந்தாள். வயர் இழுத்தது, அவனும் எழுந்தான்.