மருந்து இருக்கும்மா

விமலாவை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, வாய்விட்டு அழுதிருப்பாள்.

சமூகப்பணி முதுகலையில் அவளுக்கு இது கடைசிப் பருவம். புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் களப்பயிற்சி. முதன்முதலாக அவள் பொறுப்பில் விட்ட ஆள் தங்கராஜு. மனைவி இறந்து நான்கு மாதம். மனுஷன் சோற்றைத் தொடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. டாக்டர் கொடுத்ததை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, அவரைத் தனியே விடலாமா என்று பார்த்து எழுத வேண்டியது இவள் வேலை.

வியாழக்கிழமை இரண்டு மணிநேரம் உட்கார்ந்து பேசினாள். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே, முகத்தைப் பார்த்து, குறுக்கே பேசாமல்.

"மாத்திரை இருக்கா அங்கிள்? தீந்துபோச்சா?"

"மருந்து இருக்கும்மா. வீட்லயே வெச்சிருக்கேன்லா. நீ கவலப்படாம போ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான்கு மாதத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான். விமலாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. 'மருந்து கைவசம் உள்ளது. ஆபத்து குறைவு' என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். எப்படி என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, கேட்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

"படிவத்துல ஒரு குறையும் இல்ல விமலா. நானா இருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்," என்றார் அவளுக்குப் பயிற்சி தரும் மஹ்ஜபீன் மேடம். சிரம்பான் டவுனில் பிறந்து வளர்ந்தவர், பாவம், தோட்டத்துப் பேச்சு அவருக்கென்ன தெரியும்!

பாரோயில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்தவள் அப்படியே அடுப்படியில் சரிந்து உட்கார்ந்தாள். அம்மா முத்தாயி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இருபது வருஷம் தோட்டத்தில் முதுகில் பம்பு மாட்டி உழைத்து மகளைப் படிக்கவைத்த புண்ணியவதி.

"அப்படி என்னதான்டி சொன்னாரு அந்த மனுசன்?"

விமலா சொன்னாள். முத்தாயியின் கையிலிருந்த கீரை கீழே விழுந்தது.

"ஐயோ, நீ மாத்திரைன்னு கேட்டிருக்க, அவரு மருந்துன்னு சொல்லியிருக்காரேடி! தோட்டத்துல மருந்துன்னா புல்லுக்கு அடிக்கிற விஷந்தானேடி! ஆஸ்பத்திரில குடுக்கறத அங்க யாரு மருந்துன்னு சொல்லுவா?"

சின்ன வயதில் விமலாவே 'அம்மா மருந்தடிக்கப் போயிருக்காங்க' என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! ஆறு வருஷம் படித்த படிப்பில் அந்த ஒரு சொல்லைப் பறிகொடுத்துவிட்டாளே!

முத்தாயி மகளின் தலையைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியாதாடி?"

"தெரியும்மா," என்றாள் விமலா.