கழற்றிய கதவு

எங்கள் வீட்டுக்காரர் எர்மோஹெனெஸ் புதன்கிழமை காலை ஒரு தச்சனோடு வந்து வாசற்கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். கேட்டால், பழுது பார்க்கவாம். நல்ல கதவுக்கு என்ன பழுது? எங்கள் ஊர் மரிக்கினாவில் புயல் மழை கொட்டிக்கொண்டிருந்த வாரம் அது. நனைந்தால் நாங்களாகவே ஓடிவிடுவோம் என்ற நினைப்பு அந்த மனிதருக்கு.

என் புருஷன் சிமியோனுக்குக் கண் தெரியாது. மசாஜ் செய்து பிழைப்பவர். பதினொரு வருஷமாக அந்த வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் அவர் கைக்குத்தான் தெரியும். வேறு வீடு என்றால் அவருக்கு இரண்டாம் தடவை கண் போன மாதிரி. அன்று பழக்கத்தில், கதவு இருப்பதாக நினைத்துக் கையை ஊன்றியவர், படியில் விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆளைக் கடித்தே குதறியிருப்பேன்.

அதற்குப் பதிலாக வட்டார மன்றத்தில் புகார் கொடுத்தேன். கோர்ட்டுக்குப் போகுமுன் அங்கேதான் பேசித் தீர்க்க வேண்டும். எர்மோஹெனெஸ் வக்கீலான தன் மருமகனைக் கூட்டிக்கொண்டு, எங்களுக்கு எழுதிய ஒரு கடிதத்தோடு வந்தார். சவூதியிலிருக்கும் மகன் ரொமுலோ திரும்பி வருகிறான், அவன் குடியிருக்க வீடு வேண்டும், மூன்று மாதத்தில் காலி செய்யவும் என்று அதில் இருந்தது. சொந்தப் பிள்ளைக்கு என்றால் சட்டம் அவர் பக்கம்.

மன்றத்துக்குத் தலைவியான கேப்டன் தியோடோரா அம்மா மருமகனைப் பார்த்தார்.

"தம்பி, இங்க வக்கீலுக்கு எடம் கிடையாது. வெளிய போய் உக்காரு."

அவன் போனதும் எர்மோஹெனெஸ் திருதிருவென்று விழித்தார்.

"எம்மவனுக்கு வீடு வேணும் கேப்டன். அவ்வளவுதான்."

மகன் பெருமை பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அது எங்கள் தெருவுக்கே தெரியும்.

"ஐயோ பாவம் ரொமுலோ," என்றேன். "அத்தனை வருஷம் மாடா உழைச்சு, கடைசில அந்த ஓட்டைக் கூரைக்குக் கீழயா படுக்கணும்? ஒண்ணுமே சம்பாதிக்கலையாண்ணே அவன்?"

"ஏய் லுமினாதா, வாய அடக்கு! எம்மவனா அந்த எலிப்பொந்துல படுப்பான்? மக்காத்தி டவுன்ல இருபதாவது மாடில வீடு வாங்கிட்டான்டி! இங்க அடுக்குக் கட்டில் போட்டு காலேஜ் பசங்கள வைக்கப்போறேன்!"

வாசலில் மருமகன் தலையிலடித்துக்கொண்டான். கேப்டன் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

"அண்ணே, கடிதத்தக் கிழிச்சுட்டு, இவங்களக் காலி பண்ணச் சொல்ல மாட்டேன்னு இதுல கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா நீங்க இப்பச் சொன்னது கோர்ட்டுக்குப் போகும். இன்னிக்கே கதவு அது இருந்த எடத்துல இருக்கணும். நீங்களே தூக்கிட்டுப் போங்க."

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, கொட்டும் மழையில், எர்மோஹெனெஸ் முதுகில் கதவோடு வந்தார். சிமியோன் மூக்கில் பஞ்சோடு வாசலுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் கையை நீட்டித் தடுத்தார்.

"யாரது? கதவத் தட்டிட்டு வாங்க."

எர்மோஹெனெஸ் என்னைப் பார்த்தார். நான் ஒழுகும் கூரையைப் பார்த்தேன். அவர் கதவை இறக்கி, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, தன் கையாலேயே மூன்று தடவை தட்டினார்.