கொஞ்சம் முன்பாரம்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு விபத்து தேவைப்பட்டது. அதற்காகத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம், தை மாதம். உத்திரமேரூருக்கு வெளியே ஏரிக்கரைச் சாலையோரம் ஒரு பழைய லேண்ட்மாஸ்டர் கார் நிற்பதைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர், அதன் மேல் ஜெனரேட்டர். ஒரு பெண், காரின் கொக்கியில் மாட்டுகிற டிரெய்லரின் மூக்குக் கம்பியைப் பிடித்து முக்கி முக்கித் தூக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஆள், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போல இடுப்பில் கை வைத்து நின்றார். பேருந்து நகர்ந்துவிட்டது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

கிழட்டுக் கார், பின்னால் பாரம், பக்கத்தில் ஏரி. மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் கதை எழுதுகிறவன் சும்மா இருப்பானா? வீடு வந்து சேர்வதற்குள் முதல் வரி தயாராகிவிட்டது.

"டிரெய்லர் கழன்றுகொண்டபோது மணப்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்."

நல்ல வரிதான். ஒரே சங்கடம், அந்த மணப்பெண்ணுக்கு அப்பா அம்மா வேண்டியிருந்தது. அவர்களை எழுதப் போய் மாட்டிக்கொண்டேன்.

2

அப்பா பெயர் ஏசுதாஸ். ஐம்பதைத் தாண்டியவர். ஊர் ஓரத்துக் காலனியில் வீடு. கல்யாணம், மாதா திருவிழா, கோயில் தேர் எதுவானாலும் சீரியல் லைட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுவது தொழில். அந்தக் கார் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில், கோழிகள் குடியிருந்த நிலையில் அவருக்குக் கிடைத்தது. கோழிகளைக் காலி செய்ததே பெரும்பாடு. பிறகு வருடக்கணக்காக ஒவ்வொரு சாமானாகத் தேடிப் போட்டு ஓட வைத்தார். ஊருக்குள் புதுக் கார்கள் வந்த பிறகும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஜனங்கள் இதைத்தான் கேட்டார்கள். உருண்டையான அதன் மூக்கைச் சுற்றி விளக்குக் கட்டினால், காருக்கே கல்யாணம் போலிருக்கும்.

அவருடைய ஒரே மகள் ஏஞ்சலுக்கு மாகறலில் மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பெண் அழைப்பு. ஊரார் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் விளக்குக் கட்டி ஓட்டியவர், தன் பெண்ணைத் தன் காரில், தன் வெளிச்சத்தில், தானே கொண்டுபோய் விட ஆசைப்பட்டார். வேறெதற்கும் அவர் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

மனைவி செல்லம்மாள் முடியாது என்றாள்.

"எம் பொண்ணு அதுல ஏறமாட்டா."

"இந்த வண்டி உனுக்கு இன்னாடி கெடுதல் பண்ணிச்சி?"

"வண்டி ஒண்ணும் பண்ணல. பின்னாடி ஒண்ண இழுத்துக்கினு வர்றியே, அதான் பண்ணுது. ஏரியாண்ட வால ஆட்டிச்சே, மறந்துட்டியா?"

"நான் நைனா வண்டிலதாம்மா போவேன்" என்றாள் ஏஞ்சல்.

"நீ வாய மூடு. நான்தான் அன்னிக்கு உள்ள ஒக்காந்திருந்தேன்."

அன்றைக்கு என்றால் ஐப்பசி மாதம். ஒரு கல்யாணத்திலிருந்து திரும்பும்போது ஏரிக்கரைச் சரிவில் டிரெய்லர் இடமும் வலமுமாக வீசத் தொடங்கியது. பின்னால் அது வீச, முன்னால் கார் ஸ்டியரிங்குக்கு அடங்காமல் அலைந்தது. ஒருவழியாக நின்றபோது முன்சக்கரம் கரையின் விளிம்பில் இருந்தது. கீழே நிறைந்த ஏரி. செல்லம்மாள் இறங்கி வீடுவரை நடந்தே போனாள். அதற்குப் பிறகு அந்தக் காரில் ஏறவில்லை.

[ஜெனரேட்டரை வேறு வண்டியில் அனுப்பினால் என்ன என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காரில் சுற்றிய விளக்குகளுக்கு ஜெனரேட்டரிலிருந்துதான் ஒயர் வருகிறது, இரண்டும் சேர்ந்தேதான் போயாக வேண்டும். நானும் இந்தச் சந்து வழியாகத் தப்பிக்கப் பார்த்தவன்தான்.]

3

ஐப்பசியில் அது ஏன் ஆடியது? இது தெரியாமல் கதை நகராது.

முதல் வரைவில் ஏசுதாஸைக் குடிக்க வைத்தேன். காலனி ஆள், வேலை முடிந்த களைப்பு, கையில் ஒரு கிளாஸ் என்று என் பேனா தானாகவே ஓடியது. அவ்வளவு சுலபமாக ஓடியதே எனக்கு வெட்கமாகப் போயிற்று. வண்டி எடுக்கிற நாளில் ஏசுதாஸ் வெற்றிலைகூடப் போட மாட்டார். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது வரைவில் பழியைக் கார் மேல் போட்டேன். "நாற்பது வருடத்துக் கிழட்டு பிரேக், கடைசியில் தன்னை வளர்த்தவனையே

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. நிற்கட்டும். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, மாதாமாதம் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கிறவர் அவர். டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது என்பதும், காரின் பிரேக்தான் இரண்டையும் சேர்த்து நிறுத்த வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் நிதானமாகத்தான் ஓட்டுவார். சரிவில் கொஞ்சம் வேகம் பிடித்தது உண்மை. ஆனால் அந்த வேகத்துக்கு அப்படி ஆடியிருக்கக் கூடாது. அந்தக் கேள்வி அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் சந்தேகம் வந்தது. டிரெய்லரில் சாமான் ஏற்றும்போது வேறு யாரையும் அவர் கைவைக்க விடுவதில்லை. ஏன்? எதையோ மறைக்கிறாரா? தன் பாத்திரத்தையே நம்பாத எழுத்தாளன் பிழைப்பு நாய்ப் பிழைப்பு. ஆனாலும் கண்காணித்தேன்.

4

கல்யாணத்துக்கு முந்தின வாரம். வாலாஜாபாத் மில்லிலிருந்து கல்யாண அரிசி எடுத்து வர வேண்டும். அந்தப் பக்கம் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்த ஜெனரேட்டரும் அன்றைக்கே திரும்ப வேண்டும். செல்லம்மாள் கூடக் கிளம்பினாள்.

"வண்டில ஏறமாட்டேன்ன" என்றார் ஏசுதாஸ்.

"அரிசி ஏரில போச்சின்னா வர்றவங்களுக்கு நீயா சோறு போடுவ? எடு வண்டிய."

ஜெனரேட்டர் வழக்கம்போல டிரெய்லரின் பின்பக்கம் கட்டப்பட்டிருந்தது. மூட்டைகளுக்கு முன்பக்கம்தான் இடம் இருந்தது. ஒவ்வொரு மூட்டை ஏறும்போதும் காரின் பின்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்தது. ஏசுதாஸ் முகத்தைச் சுளித்தார். தன் முதுகில் ஏற்றியதுபோல வலித்தது அவருக்கு.

செல்லம்மாள் பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, வழி முழுக்கக் கொக்கியையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர் நெருங்கியது. அதே ஏரிக்கரைச் சரிவு. ஏசுதாஸ் சரிவுக்கு முன்பே கியரைக் குறைத்து, மெல்ல இறங்கினார்.

டிரெய்லர் ஆடவில்லை. தாய்க்குப் பின்னால் வரும் கன்றுக்குட்டி போல நேராக வந்தது.

"ஆடலையே" என்றாள் செல்லம்மாள்.

"ம்."

"அன்னிக்கி மட்டும் ஏன் ஆடிச்சி?"

"அன்னிக்கி கொஞ்சம் வேகம்தான். ஆனா அதுக்கு அப்டி ஆடக் கூடாது."

"அன்னிக்கி இன்னா ஏத்திக்கினு வந்த?"

"ஜெனரேட்டர் மட்டும்தான். பின்னாடி தள்ளி வச்சி."

"ஏன் பின்னாடி தள்ளி வச்ச?"

ஏசுதாஸ் காரை ஓரங்கட்டினார். பதில் சொல்ல அவருக்கு நேரம் தேவைப்பட்டது. எனக்கும்தான், ஏனென்றால் அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அதுவரை எனக்கே தெரியாது.

5

வாலிபத்தில் அவர் ஒரு நிலக்காரரிடம் மாட்டு வண்டி ஓட்டினார். நெல் மூட்டையை முன்பாரமாக ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். தொலைதூரம் போனால் புண்ணாகிவிடும். நிலக்காரர் அதையெல்லாம் பார்ப்பதில்லை. வண்டி ஓட்டுகிறவன்தான் மூட்டையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, மாட்டுக்கு வலிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவியதும் அவர்தான்.

"இதுவும் வயசான வண்டிதான. அது முதுவுல எதுக்கு ஏத்தணும்னு பின்னாடியே வச்சிக்கினு வந்தேன்" என்றார்.

நான் பேனாவை மூடி வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். குடி, கிழட்டு பிரேக், ஒளித்து வைத்த குற்றம் என்று எதையெல்லாமோ துழாவினேன். அந்தக் கார் மேல் அவர் வைத்த இரக்கம்தான் அவர்களை ஏரியின் விளிம்பு வரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

[இதைப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். மாட்டு வண்டி நடை வேகத்தில் போவது. பின்பாரம் கூடினால் மாடே உணர்ந்து நிற்கும். காருக்கு அந்தப் புத்தி கிடையாது. டிரெய்லரின் பின்பக்கம் கனத்தால் அதன் மூக்கு மேலே எழும்பி, காரின் பின்புறத்தையும் சேர்த்துத் தூக்கும். பின்சக்கரங்களுக்குத் தரையில் பிடிப்புக் குறையும். அப்புறம் சரிவில் கொஞ்சம் வேகம் கூடினாலே போதும், எது எதை இழுக்கிறது என்பதில் குழப்பம் வந்துவிடும். இன்றைக்கு முன்பக்கம் ஏறிய அரிசிதான் அந்த மூக்கைக் கீழே அழுத்திப் பிடித்தது.]

"மாட்டுக்கு உசுரு கீது, வலிக்கும்" என்றாள் செல்லம்மாள். "இதுக்கு இன்னாய்யா வலி? ஸ்பிரிங் பட்டை ஒண்ணு சேத்துப் போட்டா தாங்கிக்கினு போவுது. உள்ள ஒக்காரப் போறது எம் பொண்ணு."

ஏசுதாஸுக்கு அது சுருக்கென்று தைத்தது. காருக்கு வலிக்காது என்பதை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இறங்கிப் போய், தாழ்ந்து கிடந்த பின்பக்கத்தின் மேல் கைவைத்து நின்றார். அழுகை வந்தது. கரையில் மாடு மேய்த்தவர்கள் பார்க்கிறார்கள் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, முன்னாடி நவுத்தலாம்" என்றார்.

6

மூட்டைகளை வீட்டில் இறக்கிவிட்டு, அதே கரைக்குத் திரும்பி வந்து நகர்த்தினார்கள். எடுத்த எடுப்பில் அளவு மிஞ்சிவிட்டது. ஜெனரேட்டரை மூக்கருகே கொண்டுவந்ததும் கார் பின்னால் உட்கார்ந்து, முன்விளக்குகள் வானத்தைப் பார்த்தன. ஸ்டியரிங் லேசாகி, முன்சக்கரம் பேச்சுக் கேட்கவில்லை. பின்னுக்குத் தள்ளினால் மூக்கு ஒரு விரலுக்கே எழும்பியது. எவ்வளவு முன்பாரம் வேண்டும் என்று இருவருக்கும் தெரியவில்லை. சண்டை போட்டுக்கொண்டே தள்ளினார்கள், இழுத்தார்கள்.

கடைசியில் செல்லம்மாள்தான் ஒரு அளவு வைத்தாள். "நான் தூக்குனா முக்கணும். ஆனா தூக்க முடியணும்."

கொக்கியிலிருந்து கழற்றிய மூக்குக் கம்பியை அவள் முக்கித் தூக்கிக்கொண்டிருந்தபோதுதான் என் பேருந்து அவர்களைக் கடந்துபோனது.

பட்டறையில் காரின் பின்புற ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடச் சேர்த்தார்கள். கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாதபடி இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகப் போட்டார்கள். அண்டாவும் அரிசியும் டிராக்டரில் போகட்டும் என்று முடிவாயிற்று. பிறகு டிரெய்லரையும் ஜெனரேட்டரையும் மட்டும் இழுத்துக்கொண்டு சரிவில் ஏறி இறங்கினார்கள், ஏஞ்சல் கரையில் நின்று பின்சக்கரத்தைப் பார்த்துச் சொல்ல. செல்லம்மாள் போதும் என்று சொல்லும்வரை இது நடந்தது. அவள் சீக்கிரத்தில் சொல்லவில்லை.

7

பெண் அழைப்பு. சாயங்காலம். ஜெனரேட்டர் உறுமியது, லேண்ட்மாஸ்டரின் மூக்கைச் சுற்றிப் பச்சையும் சிவப்புமாக ஓடியது வெளிச்சம். கொக்கியில் மாட்டுவதற்கு முன் செல்லம்மாள் கடைசியாக ஒருமுறை மூக்குக் கம்பியைத் தூக்கிப் பார்த்தாள். பட்டுப்புடவையோடு முக்கினாள். அப்புறம் பின்கதவைத் திறந்து மகளை உட்கார வைத்தாள். முன்கதவைத் திறந்து, ஏசுதாஸுக்குப் பக்கத்தில் தானும் ஏறிக்கொண்டாள். அவர் காரைக் கிளப்பினார்.

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருக்கின்றன.

முதலாவதில், எதிரே ஒரு லாரி விளக்கைக் குறைக்காமல்

வேண்டாம்.

இரண்டாவதில் மாகறலில் மாலை மாற்றுகிறார்கள், எல்லோரும் சாப்பிடுகிறார்கள். அதையும் எழுதவில்லை. அந்தச் சாப்பாட்டுக்கு எனக்கு அழைப்பு இல்லை.

விபத்துக்காகவே இவ்வளவு தூரம் படித்து வந்தவர்கள் உங்களில் இருக்கலாம். குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் வந்தேன். உங்களுக்கு ஒரே வழிதான் இருக்கிறது. ஜெனரேட்டரைப் பழையபடி பின்னால் தள்ள வேண்டும். நாலு ஆள் பிடிக்க வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் காரை நிறுத்தச் சொல்லி, என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைச் செல்லம்மாளிடம் நீங்களே சொல்லுங்கள். என்னால் ஆகாது.

கார் இப்போது ஏரிக்கரையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கரையோரம் குளித்துக்கொண்டிருந்தவர்கள், ஆடு ஓட்டி வந்தவர்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்கள் முகத்தில் பச்சையும் சிவப்பும் மாறி மாறி விழுகிறது.

"நைனா" என்றாள் ஏஞ்சல் பின்னாலிருந்து.

"இன்னாம்மா, பயமா கீதா?"

"இன்னும் கொஞ்சம் மெதுவா போ நைனா. எல்லாரும் பாக்கட்டும்."

அவர் இன்னும் மெதுவாகப் போனார். எவ்வளவு மெதுவாக என்றால், நான் எழுதுவதை நிறுத்திவிட்டு பக்கத்திலேயே நடந்து வர முடிகிறது. மாகறல் இன்னும் தூரம். நீங்களும் வாருங்கள், பேசிக்கொண்டே நடப்போம்.