மல்லிக்கார அம்மாவின் பேச்சு

"அத அழிக்காதடி ஜெனிஷா, பாடகர் குழுவே கேட்டாச்சு!" போனில் பாடகர் குழுவின் ஹில்டா அக்கா சிரித்தாள்.

ஜெனிஷாவுக்குக் காது சுட்டது. கவிதை நண்பர்களுக்குப் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், கைதவறி சர்ச் பாடகர் குழுவுக்குப் போய்விட்டது. குமணன்சாவடியில் புது மெட்ரோ பாலத்துக்குக் கீழே பூ விற்கும் அம்மாவைப் பற்றி, அம்மாவின் பேச்சிலேயே எழுதியது:

"மேல ரயிலு ஓடப்போவுது நைனா,
கீழ என் மல்லி வாடிகினு கீது."

"இதெல்லாம் கவிதையான்னு கேட்டாங்களாக்கா?"

"நம்ம குழு ஆன்சன் இதுக்கு கிதார் வாசிச்சிகினு கீறான், போ!"

சாயங்காலம் நூலகத்தில் அவளுடைய முதல் கவிதை வாசிப்பு. கூச்சப்பட்டு, அதே கவிதையை ஏட்டுத் தமிழில் மாற்றி எழுதி வைத்திருந்தாள். அந்தத் தாளை நான்காய் மடித்து மேசைக்குள் தள்ளிவிட்டு, அம்மாவைப் போனில் கூப்பிட்டாள்.

"எம்மா, இன்னிக்கு ஒருநாளு கடைய சீக்கிரம் கட்டிகினு லைப்ரரிக்கு வந்து, முன்னால குந்தேன்?"