பெரியவர் சரிபார்த்த நெல் கணக்கு

லூபுக் தாலாங் என்ற மலையூரின் மேல்கோடியில் வருஷா வருஷம் நெல் அமோகமாக விளைந்துகொண்டிருந்தது. விதைத்தவரும் இல்லை, அறுத்தவரும் இல்லை. விளைந்ததாக சவிர்மான் எழுதினார், அவ்வளவுதான்.

புள்ளிவிவர அலுவலகத்துக்குப் பயிர்க் கணக்கு எடுக்கும் ஆள் அவர். நுர்பாய்த்தியின் காப்பிக்கடை பெஞ்சில், வறுத்த வாழைப்பழமும் கையுமாக உட்கார்ந்து மலைப்பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். பச்சையாகத் தெரிந்தால் பயிர், மஞ்சளாகத் தெரிந்தால் விளைச்சல். மழை மறைத்துவிட்டால் போன வருஷத்துக் கணக்கில் கொஞ்சம் கூட்டிப் போடுவார். நாடு முன்னேற வேண்டாமா? ஊராருக்கும் அதில் குறையில்லை. நெல் பரப்பைப் பார்த்துத்தான் சலுகை விலை உரம் வரும்.

அந்த நிம்மதியில் அலுவலகம் மண்ணைப் போட்டது. இனி கண்மதிப்பு செல்லாதாம். வானத்திலிருந்து எடுத்த படத்தில் வயல்களுக்குப் புள்ளி குத்தி, கைப்பேசி ஒன்றையும் கொடுத்துவிட்டார்கள். புள்ளியிலேயே போய் நின்றால்தான் அதில் படிவம் திறக்கும். ஒரு புள்ளியை விட்டாலும் வேலை போய்விடும்.

ஒரு புள்ளி மேல்கோடியில் விழுந்திருந்தது. அங்கேதான் பெரியவர் குடியிருந்தார். புலி என்று அந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. சொன்னால், கூப்பிடுகிறார்கள் என்று வந்து நின்றுவிடுவார். அவருக்குப் பயந்துதான் வயல்காரர்கள் நிலத்தைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கியிருந்தார்கள்.

சவிர்மான் துணைக்கு ஆள் தேடிக் கடைக்கு வந்தார்.

“பயப்படாத தம்பி,” என்றாள் நுர்பாய்த்தி, முட்டைக் காப்பிக்கு முட்டையை நுரைக்க அடித்துக்கொண்டே. “பேரு சொல்லு, அம்மா வீட்டுக் குலம் சொல்லு, முதுகக் காட்டாத. பெரியவர் நல்லவங்களத் தொடமாட்டாரு. பொய் சொன்னவங்களத்தான் கொண்டுபோவாரு.”

கடையிலிருந்த ஒவ்வொருவரும் இல்லாத வயலுக்குச் சவிர்மானிடம் கணக்குச் சொல்லி உரம் வாங்கியவர்கள். ஒருவருக்கு முழங்கால் வலி வந்தது. இன்னொருவருக்கு மாமியார் வீட்டில் சாவு விழுந்தது. மாமியாரே அங்கேதான் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். ஊர்த்தலைவர் டத்தோ மாராஜோ மட்டும், “போறதுன்னா போ. ஆனா நெல்லுன்னே போடு,” என்றார்.

சவிர்மான் தனியாகத்தான் போனார். வரப்பு முடிந்ததும் ஆளை மறைக்கும் நாணல். இன்னும் மேலே போ, இன்னும் மேலே போ என்று கைப்பேசி காட்டிக்கொண்டே இருந்தது. பறவைச் சத்தம் நின்றபோதுதான், இதுவரை பறவைகள் கத்திக்கொண்டிருந்தன என்பதே அவருக்கு உறைத்தது.

சட்டென்று வாசனை வந்தது. புதுச்சோற்று வாசனை. பானையைத் திறந்த மாதிரி மணந்தது. டத்தோ சொன்னது சரிதானோ, நெல் இருக்கிறதோ என்று ஒரு கணம் அவருக்கு உயிர் வந்தது. அப்போதுதான், சாகும் முன் அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. பெரியவர் நீர் விட்டு எல்லை வைக்கிற இடம் சோறாக மணக்கும்.

கைப்பேசியில் படிவம் திறந்துகொண்டது. எதிரே நாணல் காற்றில்லாமல் அசைந்தது. மூச்சு விடுவதைப் போல ஏறி இறங்கியது.

“பெரியவரே,” என்றார் சவிர்மான். குரல் எலிக்குஞ்சுக் குரலாக வந்தது. “நான் சவிர்மான். அம்மா வீடு தஞ்சுங் குலம். கணக்கெடுக்க வந்தேன்.”

படம் எடுத்தார். என்ன பயிர் என்று கைப்பேசி கேட்டது. பழகின விரல், ‘விளைந்த நெல்’ என்ற இடத்துக்குத் தானாகவே போயிற்று. நாணலுக்குள் ஓர் உறுமல் கிளம்பி, தரை வழியாக அவருடைய முழங்காலுக்கு ஏறியது. விரலை எடுத்தார். உறுமல் நின்றது. சந்தேகம் தீர மறுபடி கொண்டுபோனார். மறுபடி உறுமல்.

“இல்ல பெரியவரே, இங்க நெல்லு இல்ல. போன வருஷமும் இல்ல. அதுக்கு முந்தியும் இல்ல. பெஞ்சுல உக்காந்து எழுதிட்டேன்.” ‘நெல் அல்ல’ என்பதை அழுத்தி அனுப்பினார்.

முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து காப்பிக்கடை வரை வந்தார். அதன்பின் பல நாள் அவருக்கு முன்பக்கமாக நடக்க வரவில்லை. தொழுகைக்குக்கூடப் பின்பக்கமாக நடந்துதான் போனார்.

படம் அனுப்பிய இரண்டாம் நாளே அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. கடையில் வைத்தே படித்தார். படங்களைச் சரிபார்க்கும் எல்ஃபினா என்ற பெண் எழுதியிருந்தாள்: பயிர் நெல் அல்ல என்று குறித்திருக்கிறீர்கள், ஆனால் படத்தின் ஓரத்தில் பொன்னிறமாக, கறுப்புக் கோடுகளோடு ஏதோ தெரிகிறது. முற்றிய நெல்லா? விளக்கவும், அல்லது நேரில் சென்று மறுபடம் எடுக்கவும்.

டத்தோவுக்கு முகம் மலர்ந்தது. “பாத்தியா, அவங்களே நெல்லுங்கறாங்க. ஆமான்னு ஒரு வார்த்த போடு. போகவே வேண்டாம், உரமும் வந்துரும்.”

சவிர்மான் விரலை ‘ஆம்’ பக்கம் கொண்டுபோனார்.

கடைக்குள் புதுச்சோறு மணந்தது.

“அக்கா, உலை வச்சிட்டியா?” என்றார் சவிர்மான்.

“இன்னும் அடுப்பே பத்தவைக்கல தம்பி.”

யாரும் வாசல் பக்கம் திரும்பவில்லை. டத்தோ காலைத் தூக்கி மெதுவாக பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். சவிர்மான் விரலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“வர்றேன் பெரியவரே,” என்றார், வாசலைப் பார்த்து. “மறுபடம் எடுக்கணுமாம்.”